வந்த பணமும் நிலைத்த பயனும்

வளரும் நாடுகளின் பொருளாதார வளர்ச்சிக்கு வெளிநாட்டு உதவி உண்மையில் துணை செய்கிறதா என்ற கேள்வி, இரண்டாம் உலகப் போர் முடிந்த காலந்தொட்டுப் பொருளியலாளர்களிடையே தீராத வழக்காக இருந்து வருகிறது. உதவி இல்லாமல் ஏழை நாடுகள் எழ முடியாது என்று ஒரு சாராரும், உதவியே அந்நாடுகளை எழவிடாமல் தடுக்கிறது என்று மற்றொரு சாராரும் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாதிட்டு வந்துள்ளனர். இவ்வழக்கு வாஷிங்டனிலும் பாரிசிலும் மட்டும் பேசப்பட வேண்டியது என்று தோன்றக்கூடும். ஆனால் அதன் சான்றுகள் மிக அருகிலேயே கிடக்கின்றன. புதுச்சேரியின் வேளாண் துறைத் தலைமையகமும், உழவர்கள் நெல்லையும் மணிலாவையும் கொண்டுவந்து விற்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும், தொழிற்பேட்டையும் தட்டாஞ்சாவடியில் அமைந்துள்ளன. அந்த விற்பனைக்கூடத்துக்கு மூட்டைகளை அனுப்பும் கிராமங்களின் ஏரிகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியால் சீரமைக்கப்பட்டவை. கடற்கரைக் குப்பங்களில் ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த மறுகட்டமைப்பில் உலக வங்கியின் பணம் கலந்திருக்கிறது. இவ்வளவு உதவி வந்த ஒரு வட்டாரத்தில் எது நிலைத்தது, எது கரைந்தது என்று பார்ப்பது, உலகளாவிய அந்த வழக்கையே புரிந்துகொள்ள உதவும்.

உதவி என்பது எது?

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் அனைத்தும் உதவி ஆகிவிடாது. தனியார் நிறுவனங்கள் லாபம் கருதிச் செய்யும் முதலீடும், சந்தை வட்டிக்கு வாங்கும் கடனும், வளைகுடாவிலோ பிரான்சிலோ உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணமும் உதவிக் கணக்கில் சேர்வதில்லை. வளர்ச்சியடைந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. வகுத்த வரையறைப்படி, வளரும் நாடுகளின் பொருளாதார மேம்பாட்டையும் மக்கள் நலத்தையும் முதன்மை நோக்கமாகக் கொண்டு, அரசுகளோ அரசுசார் நிறுவனங்களோ சலுகை அடிப்படையில் வழங்குவதே அலுவல்முறை வளர்ச்சி உதவி எனப்படுகிறது. திருப்பித் தர வேண்டாத மானியம், சந்தை வட்டியைவிடக் குறைந்த வட்டியில் நீண்ட தவணையில் திருப்பிச் செலுத்தும் கடன், வல்லுநர்களையும் பயிற்சியையும் அளிக்கும் தொழில்நுட்ப உதவி ஆகிய மூன்றும் இதில் அடங்கும். ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு நேரடியாகத் தருவது இருதரப்பு உதவி என்றும், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற பல நாடுகள் சேர்ந்த அமைப்புகள் வழியாக வருவது பலதரப்பு உதவி என்றும் வழங்கப்படுகின்றன.

செல்வ நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாக அளிக்க வேண்டும் என்று 1970இல் ஐ.நா. பொதுச் சபை தீர்மானித்தது. அந்த இலக்கைத் தொடர்ந்து எட்டியவை ஸ்காண்டிநேவிய நாடுகள் போன்ற சிலவே. ஓ.இ.சி.டி. கணக்கின்படி 2023இல் ஏறத்தாழ 22,300 கோடி டாலராக இருந்த உலக உதவித் தொகை, 2024இல் 21,200 கோடி டாலராகக் குறைந்தது.

இந்தியாவில் இப்பணம் மாநிலங்களை வந்தடையும் வழியையும் அறிந்துகொள்வது நல்லது. மாநிலங்களோ ஒன்றியப் பிரதேசங்களோ வெளிநாட்டு அரசுகளிடம் தாமாகக் கடன் ஒப்பந்தம் செய்துகொள்ள இயலாது. திட்டத்தை அவை வகுத்தாலும், ஒன்றிய நிதி அமைச்சகத்தின் ஒப்புதலோடும் அதன் வழியாகவுமே பேச்சும் கையெழுத்தும் நடைபெறுகின்றன. ஆகவே, நகரக் குடிநீருக்கென்று ஒரு வெளிநாட்டு நிறுவனம் கடன் தருவதாகச் செய்தி வரும்போது, அது எவ்வளவு மானியம், எவ்வளவு கடன், எந்த நாணயத்தில் யார் திருப்பிச் செலுத்துவது என்று கேட்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிய கேள்வியாகும்.

இடைவெளியை நிரப்பும் பணம்

உதவி வளர்ச்சியைத் தரும் என்ற நம்பிக்கைக்கு அடித்தளமாக இருந்தது எளிய ஒரு கணக்கு. ஒரு நாட்டின் உற்பத்தி பெருக வேண்டுமானால் இயந்திரங்களும் அணைகளும் சாலைகளும் வேண்டும். அவற்றுக்கு முதலீடு வேண்டும். முதலீட்டுக்குச் சேமிப்பு வேண்டும். ஆனால் உண்பதற்கே போதாத வருமானம் உடைய நாட்டில் சேமிப்பு எங்கிருந்து வரும் என்பதே அக்கணக்கின் மையம். இதற்கும் மேலாக, இயந்திரங்களை வெளிநாட்டிலிருந்து வாங்க அந்நியச் செலாவணியும் தேவைப்படுகிறது. சேமிப்பில் உள்ள பற்றாக்குறையையும் அந்நியச் செலாவணியில் உள்ள பற்றாக்குறையையும் ‘இரு இடைவெளிகள்’ என்று வகுத்து, உதவி அவற்றை நிரப்பினால் சில காலத்துக்குப் பின் நாடு தன் காலில் நிற்கும் என்று ஹாலிஸ் செனரியும் ஆலன் ஸ்ட்ராவுட்டும் 1966இல் எழுதினர். போரில் சிதைந்த மேற்கு ஐரோப்பாவுக்கு 1948 முதல் அமெரிக்கா வழங்கிய ஏறத்தாழ 1,300 கோடி டாலர் மார்ஷல் திட்ட உதவியும், அதன்பின் அங்கு ஏற்பட்ட விரைவான மீட்சியும் இந்நம்பிக்கைக்கு உரம் சேர்த்தன. ஆயினும் ஐரோப்பாவில் பொறியாளர்களும் வங்கிகளும் நீதிமன்றங்களும் போருக்கு முன்பே இருந்தன என்பதையும், அங்கே உதவி செய்தது இருந்ததை மீட்டெடுக்கும் வேலை என்பதையும், இல்லாததைப் புதிதாக உருவாக்கும் வேலை வேறு என்பதையும் அன்று பலர் கருத்தில் கொள்ளவில்லை.

இந்தியா இந்தச் சோதனையின் மிகப் பெரிய களங்களுள் ஒன்றாக இருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின்போது அந்நியச் செலாவணி வற்றியதால், உலக வங்கியின் தலைமையில் 1958இல் இந்திய உதவிக் கூட்டமைப்பு உருவாயிற்று. சென்னை ஐ.ஐ.டி. மேற்கு ஜெர்மனியின் துணையோடு 1959இல் தொடங்கப்பட்டது, புதுச்சேரிக்குத் தென்மேற்கே உள்ள நெய்வேலியில் அனல் மின்நிலையத்துக்குச் சோவியத் ஒன்றியம் உதவியது, அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின் கீழ் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. வறட்சி தாக்கிய 1966இல் மட்டும் இந்தியா ஏறத்தாழ ஒரு கோடி டன் உணவு தானியத்தை இறக்குமதி செய்தது.

அந்த ஆண்டுகள் உதவியின் இரு முகங்களையும் ஒருங்கே காட்டின. கோதுமை பசியைத் தணித்தது என்பதை மறுக்க முடியாது. அதே வேளையில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், இந்தியாவின் வேளாண் கொள்கையையும் வியட்நாம் போர் குறித்த அதன் நிலைப்பாட்டையும் கண்ணில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தவணைக் கப்பலையும் தாமதப்படுத்தி அனுப்பினார். உதவியளிப்போரின் வற்புறுத்தலால் 1966 ஜூன் மாதத்தில் ஒரு டாலருக்கு ரூ.4.76 என்றிருந்த ரூபாயின் மதிப்பு ரூ.7.50 ஆகக் குறைக்கப்பட்டது; அதற்கு ஈடாக எதிர்பார்த்த அளவு உதவியோ தொடர்ந்து வரவில்லை. இந்த அவமானமே தன்னிறைவு வேண்டும் என்ற உறுதியைக் கூர்மையாக்கிற்று. அப்போது உணவு, வேளாண் அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம், எம்.எஸ். சுவாமிநாதன் முதலான அறிவியலாளர்களின் துணையோடு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைத்தார். பல்லாயிரம் கப்பல் சுமைக் கோதுமை செய்யாததை அந்த விதை செய்தது. ஏனெனில் அதை ஏற்று வளர்க்க இந்திய வேளாண் ஆய்வு நிலையங்களும், கொள்முதல் விலையை உறுதிசெய்யும் அரசு அமைப்புகளும் ஆயத்தமாக இருந்தன.

தமிழகத்தில் இதற்கு இணையான வரலாறு தஞ்சை மாவட்டத்தில் நிகழ்ந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியோடு 1960–61இல் தொடங்கப்பட்ட தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதற்கட்டத்திலேயே தஞ்சாவூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. விதை, உரம், கூட்டுறவுக் கடன், ஆலோசனை ஆகியவற்றை ஒரே நேரத்தில் கொடுத்தால் விளைச்சல் பெருகும் என்பது அதன் அடிப்படை. ஆடுதுறையிலிருந்து வந்த ஏ.டி.டி. 27 நெல் குறுவைப் பட்டத்தில் விரைவாகப் பரவியது. விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் கூடிய விளைச்சலில் கூலித் தொழிலாளரின் பங்கு என்ன என்ற பூசல் முற்றிய அதே மாவட்டத்தில்தான் 1968 டிசம்பரில் கூலித் தொழிலாளர் குடும்பத்தினர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணிக் கொடுமை நிகழ்ந்தது. உற்பத்தி பெருகுவதும் அதன் பயன் அனைவரையும் சென்றடைவதும் ஒன்றல்ல என்பதை அந்தச் சாம்பல் மேடு அன்றே உணர்த்தியது.

புள்ளிவிவரங்களின் வழக்கு

உதவி பெற்ற நாடுகள் உதவியின் அளவுக்கேற்ப வளர்ந்தனவா என்று எண்களை அடுக்கிப் பார்ப்பது எளிது. அதிலிருந்து சரியான முடிவுக்கு வருவதுதான் கடினம். அதிக உதவி பெற்ற நாடுகளுள் பல மெதுவாக வளர்ந்தவை என்பது கணக்கில் தெரிகிறது. ஆனால் மெதுவாக வளர்வதால்தான் அவற்றுக்கு உதவி அதிகம் வருகிறதா, உதவி அதிகம் வருவதால் அவை மெதுவாக வளர்கின்றனவா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. தட்டாஞ்சாவடிக்கு அப்பால் கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் என்பதால் மருத்துவமனைதான் நோயைத் தருகிறது என்று எவரும் முடிவு கட்டுவதில்லை. ஆயினும் உதவி குறித்த பல வாதங்கள் இப்பிழையின் மேல்தான் எழுப்பப்பட்டுள்ளன. காரணமும் விளைவும் இடம் மாறித் தோன்றும் இச்சிக்கலை அவிழ்ப்பதிலேயே ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளைச் செலவிட்டுள்ளனர்.

உலக வங்கியைச் சேர்ந்த கிரெய்க் பர்ன்சைடும் டேவிட் டாலரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பணவீக்கத்தையும் வரவுசெலவுப் பற்றாக்குறையையும் கட்டுக்குள் வைத்து, வணிகத்தைத் திறந்து வைத்திருக்கும் நல்ல கொள்கை உள்ள நாடுகளில் உதவி வளர்ச்சியைத் தருகிறது என்று கண்டது. கொடையளிக்கும் அரசுகள் பலவும் இம்முடிவை மகிழ்ச்சியோடு பற்றிக்கொண்டன. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வில்லியம் ஈஸ்டர்லியும் அவருடைய கூட்டாளிகளும் அதே முறையில் மேலும் சில ஆண்டுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அம்முடிவு நிற்கவில்லை. பின்னாளில் ரிசர்வ் வங்கியின் ஆளுநரான ரகுராம் ராஜனும், ஒன்றிய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகரான அரவிந்த் சுப்பிரமணியனும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உதவியின் வகை, காலம், பெறும் நாட்டின் கொள்கை என எப்படிப் பிரித்துப் பார்த்தாலும், வளர்ச்சியின் மீது அதற்கு நிலையான நன்மையோ தீமையோ இருப்பதாக உறுதியான சான்று கிடைக்கவில்லை என்றனர். இவ்விருவரும் 2021இல் தமிழக முதலமைச்சரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றவர்கள் என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

வழக்கு அத்தோடு முடியவில்லை. மைக்கேல் கிளெமென்சும் அவருடன் பணியாற்றியோரும், எல்லா உதவியையும் ஒரே காலக்கெடுவில் அளப்பதே தவறு என்று சுட்டிக்காட்டினர். பஞ்சத்துக்கு அனுப்பிய அரிசி ஒரு பருவத்துக்குப் பசியைப் போக்கும். அது வளர்ச்சியைத் தர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சாலையும் மின்நிலையமும் சில ஆண்டுகளில் பயன் தரும். குழந்தைக்குப் போட்ட தடுப்பூசியும் அளித்த கல்வியும் பயன் தர இருபது ஆண்டுகள் ஆகும். செபாஸ்டியன் கலியானியும் மற்ற மூவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு வழியைக் கண்டது. உலக வங்கியின் மிகக் குறைந்த வட்டிக் கடனுக்கு ஒரு வருமான வரம்பு உண்டு. அவ்வரம்பைத் தாண்டிய நாட்டுக்கு, அதன் உள்நாட்டு நிலை திடீரென மாறாதபோதும், உதவி குறையத் தொடங்குகிறது. வரம்பைத் தாண்டிய 35 நாடுகளை ஆராய்ந்து, தேசிய வருமானத்தில் ஒரு விழுக்காட்டளவு உதவி கூடினால் தனிநபர் வருமானத்தின் ஆண்டு வளர்ச்சி சுமார் 0.35 விழுக்காட்டுப் புள்ளி கூடுகிறது என்று அவர்கள் கணித்தனர். இது சிறிதாகத் தோன்றினாலும் பல ஆண்டுகள் தொடர்ந்தால் பொருட்படுத்தத்தக்க அளவே.

இந்த ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, உதவி தானாகவே வளர்ச்சியைத் தரும் என்ற கூற்றும், தானாகவே கெடுக்கும் என்ற கூற்றும் ஒருசேரத் தோற்கின்றன. வந்த உதவியைத் தாங்கி நிறுத்தும் அமைப்பு பெறுபவரிடம் உண்டா என்பதே எஞ்சும் கேள்வி. அக்கேள்விக்கான விடையைச் சராசரி எண்கள் தருவதில்லை. தனித்தனித் திட்டங்களை அணுகிப் பார்த்தால்தான் அது புலப்படுகிறது.

ஏரிகளில் இறங்கிய ஐரோப்பியப் பணம்

புதுச்சேரி வட்டாரத்தில் 84 பாசன ஏரிகள் உள்ளன. அவற்றுள் பெரியவை ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும். தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது; சங்கராபரணியின் நீரைச் சுத்துக்கேணி வாய்க்கால் ஊசுட்டேரிக்குக் கொண்டு சேர்க்கிறது. மழைக்காலத்தில் வரத்து வாய்க்கால் வழியே வந்து தேங்கும் நீர், மதகு வழியாக வயலுக்குப் பாயும். மிகுதியானது கலிங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு வழியும். இந்த ஏற்பாடு நிலைக்க, ஆண்டுதோறும் வாய்க்கால் தூர்வாரப்பட வேண்டும், கரை பலப்படுத்தப்பட வேண்டும், மதகைத் திறந்து மூடி முறைவைத்து நீர் விடும் ஆள் இருக்க வேண்டும், அவருக்கு ஆயக்கட்டுதாரர்கள் கூலி கொடுக்க வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இவ்வேலையைக் கவனித்த உழவர் குழுக்கள் முறையான வடிவம் பெற்றிருந்தன.

கிராமங்களுக்கு மின்சாரம் வந்து ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் இந்த ஏற்பாடு தளர்ந்தது. தன் வயலிலேயே மோட்டாரை ஓட்டி நீர் எடுக்க முடிந்த உழவருக்கு ஏரி நீரின் முறைக்காகக் காத்திருக்கும் தேவை இல்லாமல் போயிற்று. பாசன மின்சாரத்துக்குக் கிடைத்த சலுகை அவ்வசதியை மேலும் மலிவாக்கியது. வாய்க்கால்கள் தூர்ந்தன, கரைகள் ஆக்கிரமிக்கப்பட்டன, ஏரியில் தேங்காத நீர் நிலத்துக்குள்ளும் இறங்கவில்லை. நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கியதோடு, பாகூர் கொம்யூனின் கடலோரப் பகுதிகளில் உவர்நீர் உட்புகும் ஆபத்தும் எழுந்தது.

இந்நிலையில்தான் 1990களின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி உதவியோடு புதுச்சேரி ஏரிகள் புனரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டு, அடுத்த பத்தாண்டின் பிற்பகுதிவரை நடந்தது. ஏரிகளைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, மதகுகளையும் கலிங்கல்களையும் பழுதுபார்ப்பதோடு நில்லாமல், ஒவ்வோர் ஏரிக்கும் பயன்படுத்துவோர் சங்கம் ஒன்றை அமைத்து, பராமரிப்பை அதன் பொறுப்பில் விடுவது திட்டத்தின் நோக்கம். ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களோடு நிலமற்றோரையும் பெண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. ஒப்பந்ததாரர் வந்து வேலை முடித்துப் போவதே வழக்கமாகிவிட்ட துறையில், ஊர் மக்களைத் திட்டத்தின் உரிமையாளர்களாக்க முயன்றது பாராட்டத்தக்கது.

திட்டம் பயன் அளித்தது என்பதில் ஐயமில்லை. நீர் தேங்கியது, சுற்றியுள்ள கிணறுகள் ஊறின. ஆனால் சங்கங்களின் நிலை வேறாக இருந்தது. ஏரி நீரைப் பங்கிடுவதற்காக அமைக்கப்பட்ட சங்கத்துக்கு, பெரும்பாலான உழவர்கள் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் ஊரில் பங்கிட என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. ஏரியில் தேங்கும் நீரால் தன் கிணறு ஊறுகிறது என்று உழவர் அறிந்திருந்தாலும், அந்த ஊற்றுக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை; கேட்டாலும் யார் கிணற்றுக்கு எவ்வளவு என்று அளக்க வழியில்லை. எனவே பராமரிப்புக்குப் பணம் திரட்டும் கடமை சங்கத்தின் மேல் இருந்ததே தவிர, அதற்கான அதிகாரமோ உந்துதலோ அதனிடம் இல்லை. திட்ட நிதி வரும்வரை சுறுசுறுப்பாக இயங்கும் சங்கம், நிதி நின்றபின் தேய்வதற்கு உறுப்பினர்களின் ஊக்கக்குறைவு மட்டுமே காரணமல்ல. ஏரியைச் சீரமைத்த அதே அரசு, மலிவான பாசன மின்சாரத்தால் ஏரியை மறக்கவும் செய்தது. விளைநிலம் மனைப்பிரிவாக மாறும்போது ஆயக்கட்டே சுருங்கியது. ஒரு கை கொடுத்ததை மறு கை அழித்த இந்நிலையில், உதவியின் வெற்றி தோல்வியை ஐரோப்பியப் பணத்தின் மீது மட்டும் சுமத்த இயலாது. தூர்வாரும் செலவைப் பிறர் தரலாம். ஆண்டுதோறும் வாய்க்காலில் இறங்கும் ஏற்பாட்டைப் பிறர் தர முடியாது.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, உடனடி நிவாரணத்துக்கு வெளிநாட்டு அரசுகளின் உதவி வேண்டாம் என்று இந்தியா மறுத்தது. மறுகட்டமைப்புக்குப் பலதரப்பு நிறுவனங்களின் கடனை ஏற்றுக்கொண்டது. தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து 46.5 கோடி டாலர் மதிப்பிலான அவசரகால மறுகட்டமைப்புத் திட்டத்துக்கு உலக வங்கி 2005 மே மாதத்தில் ஒப்புதல் அளித்தது. தானே புயலுக்குப் பின் 2013இல் 23.6 கோடி டாலர் மதிப்பிலான கடலோரப் பேரிடர் தணிப்புத் திட்டம் வந்தது. நிலைத்த வீடுகள், புயல் பாதுகாப்பு மையங்கள், எச்சரிக்கை அமைப்புகள் ஆகியவை இவற்றால் உருவாயின. அரசு நிர்வாகத்தோடு இணைந்து செயல்பட்ட இவ்வமைப்புகள், அடுத்தடுத்த புயல்களில் மக்களை முன்கூட்டியே வெளியேற்றும் வழக்கத்தை உறுதிப்படுத்தின. உயிரிழப்பையும் சொத்திழப்பையும் தவிர்ப்பது ஆண்டறிக்கையில் வளர்ச்சி விகிதமாகத் தெரிவதில்லை என்றாலும், ஒவ்வொரு புயலிலும் படகையும் வலையையும் இழந்து மீண்டும் கடனில் விழும் குடும்பத்துக்கு அதுவே மிகப் பெரிய வளர்ச்சி.

இதற்கு மாறாக, எண்ணற்ற தொண்டு நிறுவனங்கள் போட்டியிட்டுக் கொடுத்த ஃபைபர் படகுகளின் கதை வேறு. பல குப்பங்களில் அலைக்கு முன் இருந்ததைவிடப் படகுகளின் எண்ணிக்கை கூடிற்று. கூலிக்குச் சென்றவர்கள் படகு உரிமையாளரானதால் கடலுக்குப் போக ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அதே கரைக்கடலில் அதே மீனைத் தேடிக் கூடுதல் வலைகள் இறங்கின. படகு கொடுப்பது கொடையாளருக்கு எளிது, படம் பிடித்துக் காட்டவும் ஏற்றது. மீன்வளம் எவ்வளவு தாங்கும் என்று ஊர்ப் பஞ்சாயத்தோடு உட்கார்ந்து கணக்கிடுவது கடினம்.

மெதுவாகக் கனியும் உதவி

உதவி நன்றாகப் பலித்த சான்றும் தமிழகத்திலேயே உண்டு. உலக வங்கியின் கடனோடு 1980இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை ஊர்ப் பெண் பணியாளர் ஒருவர் மாதந்தோறும் எடைபோட்டு, அதை அட்டையில் குறித்து, எடை கூடாமல் தேங்கிய குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு அளித்து, தாய்க்கு அறிவுரை வழங்கி, எடை தேறியதும் நிறுத்தினார். கடுமையான ஊட்டக்குறைவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததால், இத்திட்டம் உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. அது வேரூன்றக் காரணம், அக்காலத்திலேயே குழந்தைகளின் உணவைத் தன் கடமையாக ஏற்றுக்கொண்ட அரசு இங்கு இருந்ததே. காமராசர் காலத்து மதிய உணவையும் எம்.ஜி.ஆர். 1982இல் விரிவுபடுத்திய சத்துணவையும் தமிழகம் கடனாளரின் விருப்பத்துக்காகச் செய்யவில்லை. கடன் காலம் முடிந்த பின்னும் அங்கன்வாடிகள் மூடப்படவில்லை. அன்று எடைபோடப்பட்ட குழந்தைகள் இன்று நாற்பது வயதைத் தாண்டி உழைக்கும் மக்கள். அந்த உதவியின் வளர்ச்சிப் பயனை ஐந்தாண்டுக் கணக்கில் எப்படிக் காண முடியும்?

உதவி விளைவிக்கும் தீங்கு

நல்ல நோக்கத்தோடு வரும் பணமும் பொருளாதாரத்தைப் பாதிக்கும் வழிகள் சிலவற்றைப் பொருளியலாளர்கள் விளக்கியுள்ளனர். அந்நியச் செலாவணி பெருமளவில் உள்ளே வந்தால் உள்நாட்டு நாணயத்தின் மதிப்பும் கூலியும் விலையும் உயர்கின்றன. அதனால் ஏற்றுமதிப் பொருள்கள் உலகச் சந்தையில் விலைகூடிப் போட்டியில் தோற்கின்றன. இயற்கை எரிவாயு வருமானத்தால் நெதர்லாந்துக்கு நேர்ந்த இந்த நிலை ‘டச்சு நோய்’ எனப்படுகிறது. உதவி மிகுதியாக வந்த நாடுகளில் ஆயத்த ஆடை போன்ற, தொழிலாளர் மிகுந்த ஏற்றுமதித் தொழில்கள் பின்தங்கின என்று ராஜனும் சுப்பிரமணியனும் மற்றோர் ஆய்வில் காட்டினர். தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் இயங்கும் சிறு, குறு ஆலைகளே ஓர் ஊரின் இளைஞர்களுக்கு வேலை தருபவை என்பதால், இதைச் சிறிய பக்கவிளைவு என்று ஒதுக்க முடியாது.

இரண்டாவது, பணத்துக்கு முத்திரை இல்லை என்பது. அரசு எப்படியும் கட்டியிருக்கும் பள்ளிக்கு வெளிநாட்டவர் பணம் தந்தால், அப்பள்ளிக்கென வைத்திருந்த நிதி வேறு செலவுக்கு விடுபடுகிறது. கொடையாளர் கட்டியது பள்ளி என்று கணக்கில் இருந்தாலும், உண்மையில் அவருடைய பணம் எதற்குப் போயிற்று என்று சொல்ல இயலாது. மூன்றாவது, கொடுக்கும் நாட்டின் நிறுவனங்களிடமே பொருளும் ஆலோசனையும் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை. இதனால் விலை கூடி உதவியின் உண்மை மதிப்பு குறைகிறது. நான்காவது, எல்லாவற்றிலும் ஆழமானது. மக்களிடம் வரி வாங்கும் அரசு மக்களுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். செலவில் பெரும்பகுதியை வெளியாரிடம் பெறும் அரசு கணக்குச் சொல்வது அவர்களிடமே. பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் போன்றோர் உதவியைக் குறித்து எழுப்பும் முதன்மையான எச்சரிக்கை இதுவே.

இலங்கையின் அனுபவம் இத்தகைய இருமையைத் தெளிவாகக் காட்டுகிறது. 1977க்குப் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தில் விக்டோரியா அணைக்குப் பிரிட்டனும், கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் நிதியளித்தன. இலங்கையின் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் அந்த அணைகள் இன்றும் முக்கியப் பங்களிக்கின்றன. அதே திட்டத்தின் குடியேற்றங்களோ தமிழ் மக்களிடையே ஆழ்ந்த குறையை உண்டாக்கி, இனப்பூசலைக் கூர்மையாக்கின. அணையை அளந்த கொடையாளர்கள் அந்த மனக்காயத்தை அளக்கவில்லை. 2022 ஏப்ரலில் அந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றபோது, அதற்கு முதன்மைக் காரணம் சலுகை உதவி அல்ல. சந்தை வட்டிக்கு விற்ற கடன்பத்திரங்களும், வரி வருவாயைக் குறைத்த கொள்கையும், வற்றிய அந்நியச் செலாவணியும் சேர்ந்து அந்நாட்டை அங்கே கொண்டு நிறுத்தின. உதவியையும் வணிகக் கடனையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது சான்று.

கொடுக்கும் கையாக மாறிய நாடு

இலங்கையின் அந்த நெருக்கடியில் ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது இந்தியா. அதற்கு முன்பே வடக்கு, கிழக்கு மாகாணங்களிலும் மலையகத்திலுமாக 50,000 வீடுகள் கட்டும் திட்டத்தை மேற்கொண்டிருந்தது. கோதுமைக் கப்பலுக்காகக் காத்திருந்த நாடு, 2003இல் சிறிய அளவிலான இருதரப்பு உதவிகள் வேண்டாம் என்று அறிவித்து, 2012இல் வெளியுறவு அமைச்சகத்துக்குள் வளர்ச்சிக் கூட்டாண்மைக்கெனத் தனிப்பிரிவையே உருவாக்கியது. கொரியாவின் பயணம் இதைவிட விரைவானது. 1950களில் அமெரிக்க உதவியையே நம்பியிருந்த தென்கொரியா, நிலச்சீர்திருத்தமும் பள்ளிக் கல்வியும் ஏற்றுமதித் தொழிலும் வேரூன்றியபின், உதவி குறைந்துவந்த காலத்திலேயே வேகமாக வளர்ந்து, 2010இல் கொடையாளர் நாடுகளின் குழுவில் இடம்பெற்றது.

இன்று உலகின் போக்கு எதிர்த்திசையில் செல்கிறது. அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் நிறுவனம் 2025இல் கலைக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் பலவும் உதவியைக் குறைத்து வருகின்றன. உதவி வளர்ச்சியைத் தரவில்லை என்ற ஆய்வுகளை இதற்கு நியாயமாகக் காட்டுவோர் உண்டு. அந்த ஆய்வுகள் எதுவும், ஆப்பிரிக்கக் கிராமத்தில் எச்.ஐ.வி. மருந்து பெறும் தாய்க்கு அதைத் திடீரென நிறுத்தலாம் என்று சொல்லவில்லை. உயிர் காக்கும் உதவியை வளர்ச்சி விகிதத்தால் எடைபோடுவது அறிவியலும் அல்ல, அறமும் அல்ல. வளர்ச்சிக்கென வழங்கப்படும் உதவியைத்தான் கறாரான கேள்விகளுக்கு உட்படுத்த வேண்டும். அக்கேள்விகளைக் கேட்க வேண்டியவர்களும் கொடையாளர்கள் மட்டுமல்ல, பெறுகிற ஊர் மக்களே.

புதுச்சேரி போன்ற சிறிய பிரதேசத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஒன்றிய அரசின் மானியத்தையும் கடனையும் வெளிநாட்டு நிதியையும் சேர்த்து நம்பியிருக்கும் நிலையில், புதிய திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது அதன் தொகை எத்தனை கோடி என்று கேட்பதோடு பொதுவிவாதம் நின்றுவிடக் கூடாது. திட்டம் முடிந்த மறு ஆண்டில் பராமரிப்புச் செலவு எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படும், அதைச் செய்யும் பணியாளர் யார், பயன்பெறுவோர் தம் பங்காக எதைத் தருவர், அரசின் வேறொரு கொள்கை இதே திட்டத்தின் பயனை அரிக்கிறதா ஆகிய நான்கு கேள்விகளுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே சட்டப்பேரவையிலும் கொம்யூன் பஞ்சாயத்திலும் எழுத்துவடிவில் விடை கிடைக்க வேண்டும். 84 ஏரிகளின் அனுபவத்துக்குப் பின் இவ்விடைகள் இல்லாமல் இன்னொரு திட்டத்தைத் தொடங்க எவருக்கும் நியாயமில்லை. விடைகள் உள்ள இடத்தில், எந்த நாட்டிலிருந்து வந்த பணமானாலும் அது ஊரின் சொத்தாகவே நிலைக்கும்.